நடன நூலகத்தில் நட்டுவனார் நோட்டு

  நடனத்துறைக்காகப் பல்கலைக்கழக நூலகம் எதைச் சேர்க்க வேண்டும் என்ற வழக்கை இங்குள்ள பலரும் அறிவீர்கள். நூல் தேர்வுக் குழுவில் ஆண்டுக்கணக்காக இழுபட்ட அதை இன்று தீர்த்துவிட விரும்புகிறேன்.

துறை நண்பர்கள் சொல்வது இது: நாட்டிய சாஸ்திரத்தின் பரோடா பதிப்பு, ஆனந்த குமாரசுவாமி 1917-இல் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தந்த அபிநய தர்ப்பணம், அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆய்விதழ்கள் ஆகியவை போதும், கையெழுத்து நோட்டெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். முற்பாதிக்கு நான் உடன்பாடு. பிற்பாதிக்கு இல்லை.

நட்டுவனார் குடும்பம் ஒன்றில் நான் பார்த்த நோட்டைச் சொல்கிறேன். கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு. இடப்பக்கம் வர்ணத்தின் சாகித்தியம், வலப்பக்கம் ஜதி. ஓரிடத்தில் ‘தெய்யும் தத்த தெய்யும் தா’ என்று மட்டும் இருக்கிறது. நாட்டடவில் பல வகைகளுக்கும் இதே சொற்கட்டுதான். கால் முன்னே நீளுமா பக்கவாட்டிலா, கை என்ன பிடிக்கும், அரைமண்டியிலிருந்து எப்போது எழ வேண்டும் என்பதை நோட்டு சொல்லவில்லை. தட்டுக்கழி எதிரில் நின்று பயின்றவருக்கு அது தெரியும். அதே பக்கத்தில் முதல் தீர்மானத்தில் இரண்டு வரியைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் சுருக்கமான ஜதி ஒன்றை எழுதியிருக்கிறார்கள். ஆடுபவருக்கு ஏற்ப ஆசான் உருப்படியை மாற்றிய தடம் அது. எந்த அச்சுநூலிலும் இந்தத் தடத்தைக் காண முடியாது. தஞ்சை நால்வரின் வழிவந்தவர்கள் 1961-இல் ‘பொன்னையா மணிமாலை’யை அச்சிட்டது பெருங்கொடை. அதைப் படிக்கும் மாணவிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நோட்டும், அதைச் சொல்லி ஆடிக்காட்டிய ஒளிப்பதிவும் இருந்தால்தான் ஒரு வர்ணம் எப்படி மேடையேறியது என்பது விளங்கும். மூன்றும் ஒரே மேசைக்கு வர வேண்டும். நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை 1931-இல் வகுத்த ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகர். அந்த மரபில் வந்தவர்கள் நோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பகுப்பெண் சிக்கலும் உண்டு. டூயி முறையில் நாட்டுப்புற நடனமும் சமூக நடனமும் உள்ளரங்க விளையாட்டுகளோடு 793-இல் நிற்கின்றன, பாலேவுக்கு 792.8. நம் நூல்களோ இசை, தமிழ், சமஸ்கிருதம், சட்டம் என்று சிதறுகின்றன. 1947-இன் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தைத் தேடி நடன மாணவர் சட்ட நூலகத்துக்கு அலைகிறார். நூல்களை இடம்பெயர்க்க வேண்டாம். பட்டியலில் குறுக்குக் குறிப்புகள் போட்டாலே போதும்.

நேரமாகிவிட்டது. மிச்சத்தை விரைந்து சொல்கிறேன். நியூயார்க் பொது நூலகம் 1944-லேயே நடனத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. அங்கே அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும்கூடச் சேகரிப்புதான். நாமும் அரங்கேற்ற அழைப்பிதழ்களைச் சேர்க்கலாம். நோட்டு சொல்லாமல் விடும் அசைவுகளுக்காக, லாபன் அசைவுக் குறியீட்டில் ஓர் அடவுத்தொகுதியை எழுதிப் பார்க்கலாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் நாட்டியச் சுவடிகளுக்குக் கைப்பட்டியல் வேண்டும். நோட்டுகளை வாங்கும்போது குடும்பத்தாரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற்று, அவர்களுக்கு ஒரு படியும் உரிய தொகையும் தரவேண்டும். இதற்கான விதிகளை அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் யாராவது எழுதித் தரவேண்டும்.