பாட்டிலுக்குப் பெயர் எழுதுங்கள்



கணபதி பண்டிகை நெருங்கினால் புனேயில் வீட்டுக்கு வீடு சுத்தம் செய்யும் வேலை நடக்கும். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் உள்ள தமிழர் வீடுகளிலும் அப்படித்தான். தரைக்குப் பினாயில். கக்கூசுக்கு ஆசிட். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர். இவை அழுக்கைப் போக்கும். கவனம் தவறினால் உயிரையும் போக்கும்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கக்கூஸ் சிறியது. ஜன்னல் இல்லை. அந்த வீட்டு அம்மா ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார். கறை போகவில்லை. அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறார். உடனே நெடி கிளம்புகிறது. கண் எரிகிறது. இருமல் வருகிறது. மூச்சு அடைக்கிறது.

அது என்ன நெடி? அதுதான் குளோரின் வாயு. 1915ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டுப் போர்க்களத்தில் ஜெர்மன் படை இதே வாயுவைத் திறந்துவிட்டது. பல வீரர்கள் மூச்சு முட்டி இறந்தார்கள். அந்த வாயு நம் வீட்டுக் கக்கூசிலும் உண்டாகும்.

இரண்டு மருந்தைக் கலந்தால் அழுக்கு இரண்டு மடங்கு போகாது. விஷம்தான் உண்டாகும். அதனால் எதையும் எதனோடும் கலக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். நெடி வந்தால் வேலையை விட்டுவிட்டு உடனே வெளியே, நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து பாட்டிலில் இருக்கிறது. பினாயிலையும் தின்னரையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குத் தாகம். பாட்டிலைப் பார்த்தால் சர்பத் என்று நினைக்கும். எடுத்துக் குடித்துவிடும். பிள்ளை மீது குற்றம் இல்லை.

மருந்தை அது வந்த பாட்டிலிலேயே வையுங்கள். ஆனால் அதில் மராத்தியோ இந்தியோ ஆங்கிலமோதான் இருக்கும். வீட்டுப் பாட்டிக்கு அது புரியாது. இங்கேதான் நீங்கள் கற்ற எழுத்து உதவும். ஒரு காகிதத்தில் "ஆசிட் - விஷம்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மகள் மராத்திப் பள்ளியில் படித்தால், அவளைப் பக்கத்தில் மராத்தியிலும் எழுதச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

பூச்சி மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு வண்ண அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அதற்கு அடுத்தது மஞ்சள். பிறகு நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு. பச்சை என்பதற்காக அலட்சியம் வேண்டாம். அதுவும் விஷம்தான்.

இத்தனைக்கும் மீறி ஆபத்து வந்தால் என்ன செய்வது?

கண்ணிலோ தோலிலோ ஆசிட் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், பற்பசை எதையும் பூசாதீர்கள்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்ட ஆசிட், திரும்பி வரும்போதும் தொண்டையைச் சுடும். மண்ணெண்ணெயும் தின்னரும் நுரையீரலுக்குள் போய்விடும்.

உடனே 108க்குப் போன் செய்யுங்கள். புனே ரயில் நிலையத்துக்கு அருகில் சசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அந்த பாட்டிலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். என்ன விஷம் என்று டாக்டருக்கு உடனே தெரியும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. அதன் எண் 1800 116 117. இரவிலும் பகலிலும் கூப்பிடலாம். பணம் கிடையாது. இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பெயர் இல்லாத பாட்டில்களை எடுத்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள். நீங்கள் எழுதும் அந்த இரண்டு சொல் ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும்.