சோம்பல் அன்று, சுரப்பிக் குறை



வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். உடல்நலம் குன்றினால் படிப்பும் குன்றும் என்பதைக் கண்டவன் நான், ஆதலால் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாடவேளையில் உறங்கி விழுவாள். உடல் பருத்து, முகம் உப்பியிருந்தாள்; நன்றாகப் படித்தவள் பின்தங்கினாள். "தின்பதும் தூங்குவதுமா வேலை?" என்று அனைவர் முன்னும் கடிந்தேன். மறுநாள் அவள் தாய் வந்து, "ஐயா, இவள் அரை வயிறுதான் உண்கிறாள்" என்று கண்கலங்கினார். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி குன்றியிருப்பது தெரிந்தது. என் சொல் என்னையே சுட்டது.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது இச்சுரப்பி. உண்ட உணவை உடல் எரித்து ஆற்றலாக்கும் வேகத்தை இதில் சுரக்கும் தைராக்ஸின் நெறிப்படுத்துகிறது. அது குறைந்தால், காற்றில்லா அடுப்பில் விறகு புகைவதுபோல் உடல் மந்தமடையும். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, மாதவிடாய்க் கோளாறு ஆகியவை தோன்றும். பிள்ளைகளின் உயரமும் தடைப்படும்.

எடை கூடும், ஆயினும் பொதுவாக 2 முதல் 5 கிலோ வரையே. அதிலும் பெரும்பகுதி கொழுப்பன்று. உடலில் தேங்கும் உப்பும் நீருமே. அதற்கு மேற்பட்ட பருமனுக்கு வேறு காரணங்களையும் தேட வேண்டும். பட்டினி கிடப்பது இந்நோய்க்கு மருந்தன்று. மருத்துவர் தரும் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. நோயில்லாதோர் உடல் இளைக்க இதனை உண்பது இதயத்திற்குக் கேடு.

இச்சுரப்பிக்கு அயோடின் இன்றியமையாதது. காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பினால் கழுத்துக் கழலை குறைவதை மெய்ப்பித்தது. 1962இல் நடுவண் அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எனவே உப்பு வாங்கும்போது அயோடின் கலந்ததா என்று பாருங்கள். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதாலும் இந்நோய் வரும். அதற்கு உப்பு மட்டும் போதாது.

பெருமக்களே! வெயிலிலும் மழையிலும் உழைத்த நம் முன்னோரைச் 'சோம்பேறிகள்' என்று பிறர் பழித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அச்சொல்லை நம் பிள்ளைகள் மீது நாமே வீசலாமா? நான் வீசினேன், பின்னர் அம்மாணவியிடம் மன்னிப்பும் கேட்டேன். மருந்துண்ட சில மாதங்களில் அவள் முகவீக்கம் வடிந்தது. வகுப்பில் விழிப்புடன் அமர்ந்தாள்.

நல்லம்பள்ளி வட்டாரத்துப் பெற்றோர்களே, ஆசிரியர்களே! காரணமின்றிப் பருத்துச் சோர்ந்த பிள்ளையைக் கடியாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்வீர்.