குளிரில் நொந்த தென்னையை உடனே வெட்டாதீர்கள்
(உழவர் தின விழாவில் ஆற்றிய உரை)



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி, தை மாதப் பனியும் விலகும் சமயத்தில் உங்கள் தோப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்து வாருங்கள். சுற்றிலும் மட்டைகள் பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் வெளுத்து, வாடி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் மரம் ஒன்றிரண்டு கண்ணில் படலாம். அது குருத்தழுகல் நோய். குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடிப்பகுதி கூழாகி நாற்றமடிக்கும்.

அமெரிக்காவின் புளோரிடா போன்ற இடங்களில் உறைபனி விழும் ஆண்டுகளில் குளிரே குருத்தைக் கருக்கிவிடுகிறது. நம் சமவெளியில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனால் வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி இறங்கி, காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும்போது பைட்டோப்தோரா என்னும் பூசணம் குருத்துக்குள் புகுந்து பெருகுகிறது. மலையடிவாரத் தோப்புகளில் இது அதிகம். இளமரங்களே எளிதில் பலியாகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிக் கழிமுகத்தில் பனைகளைத் திரளாக அழித்ததும், பட்லர் என்ற அறிஞர் ஆராய்ந்து கண்டதும் இதே பூசணத்தைத்தான்.

மா, வேம்பு போல் தென்னை பக்கக் கிளை விடாது. அதற்கு இருப்பது ஒரே ஒரு வளர்நுனி. ஆகவே குருத்து கையோடு வந்ததும் 'மரம் போயிற்று' என்று கோடரியைத் தேடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். பணியில் சேர்ந்த புதிதில், தென்காசிப் பக்கம் 14 தென்னைகளை மட்டும் நம்பி வாழ்ந்த ஓர் அம்மையாரிடம், நோயுற்ற மரத்தை வெட்டி எரிக்கும்படி கூறினேன். "மட்டையெல்லாம் பச்சையாத்தானே இருக்கு, ஆடி வரைக்கும் நிக்கட்டும் தம்பி" என்றார். மரமேறும் பெரியவரை ஏற்றி அழுகலைச் சுரண்டி எடுக்கச் செய்து, போர்டோ பசை தடவினார். பசை கலக்கும் முறை மட்டுமே நான் சொன்னது. சித்திரையில் கோணலாக ஓர் இலை எட்டிப் பார்த்தது.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இன்று வெளியே தெரியும் இலை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே உருவானது. குருத்துக்குக் கீழே இன்னும் பல இலைகள் அடுக்கடுக்காக உறங்குகின்றன. அழுகல் வளர்நுனியைத் தொடுமுன் தடுத்துவிட்டால் அவை மேலே வரும்.

முதலில், கூர்மையான கத்தியால் அழுகிய பகுதி முழுவதையும், நல்ல வெள்ளைத் திசு தெரியும்வரை செதுக்கி எடுங்கள். இங்கே தயவு காட்டக் கூடாது. செதுக்கியதை மரத்தடியில் போடாமல் எரித்துவிடுங்கள். பிறகு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் நீறாத சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். மண் பாத்திரமோ பிளாஸ்டிக் வாளியோதான் ஏற்றது. இரும்பு வாளி ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சற்று நேரம் வைத்துப் பார்த்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இந்தப் பசையை வெட்டுக்காயத்தில் தடவி, மழைநீர் புகாமல் பாலிதீன் தாளால் மூடிக் கட்டுங்கள். புதுக்குருத்து வரும்வரை அந்த மூடி இருக்கட்டும்.

அக்கம்பக்கத்து மரங்களின் கொண்டையில் ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள். ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்பது கணக்கு. கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை தெளிப்பது இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. குருத்து கெட்டதெல்லாம் குருத்தழுகல் அல்ல. விரிந்த இலை கத்தரியால் வெட்டியதுபோல் இருந்து, மட்டை இடுக்கில் மென்ற நார் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. தண்டில் துளையும் பழுப்பு நீர்க்கசிவும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. அவற்றுக்கு வைத்தியம் வேறு.

பச்சை மட்டைகளைக் கழிக்க வேண்டாம். புதுக்குருத்துக்கு உணவு அவற்றிலிருந்துதான் போக வேண்டும். யூரியாவைக் கூடுதலாகக் கொட்டுவதாலும் குருத்து விரைந்து வந்துவிடாது.

மரம் பிழைத்ததா என்று அறிய ஒரு சுலப வழி உண்டு. செதுக்கிய குருத்தின் முனையிலும் பக்கத்து மட்டையிலும் ஒரே மட்டத்தில் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை மூடியை விலக்கிப் பார்க்கும்போது நடுக்கோடு மேலே ஏறியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. முதலில் வரும் இலைகள் குட்டையாகவும் சுருண்டும் இருக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம். பல மாதங்கள் சென்றும் கோடு அசையாமல், மட்டைகளும் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டால், அப்போது மரத்தை வெட்டிக் கொண்டையை எரித்துவிடுங்கள். மக்கும் தண்டைத் தோப்பில் கிடக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும்.