புதிய பேரேடும் பழைய நாணயமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளாக்செயின், கிரிப்டோ நாணயம், இணையத்தோடு இணைந்த கருவிகள் ஆகிய மூன்றும் இன்று ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. கடை நடத்துவோரும், சிறுகச் சிறுகச் சேமித்தோரும் இவற்றில் பணம் போடலாமா என்று கேட்கின்றனர். மூன்றையும் தனித்தனியே பிரித்து நோக்கினால் விடை தெளிவாகும்.

பிளாக்செயின் என்பது ஒரு கூட்டுப் பேரேடு. கொடுக்கல் வாங்கலில் பங்குகொண்ட பலரிடமும் அதன் ஒரே படி இருக்கும். எழுதிய வரியை ஒருவர் தனியே திருத்தினால் மற்றவர்களிடமுள்ள படிகள் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதன் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், தன் கடையிலிருந்த மாம்பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது எனத் தேடியது. பழைய முறையில் அதற்கு ஏறத்தாழ 7 நாட்கள் பிடித்தன. ஐபிஎம் நிறுவனத்துடன் சேர்ந்து சோதித்த புதிய பேரேட்டில் 2.2 வினாடிகளே ஆயின. ஒரு தோட்டத்துச் சரக்கு கெட்டதென்றால், அதை மட்டும் பிரித்தெடுக்கலாம். மற்ற தோட்டத்தாரின் சரக்கையும் சேர்த்துக் கொட்ட வேண்டியதில்லை.

ஆயினும் தொழில்நுட்பம் மட்டுமே வணிகத்தை வெற்றிபெறச் செய்வதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒரு குளிர்பதனச் சரக்கு, ஏறத்தாழ 30 பேர் அல்லது அமைப்புகளின் கைகளைக் கடக்கிறது என்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 2014இல் கண்டறிந்தது. அக்காகிதச் சுமையைக் குறைக்க, ஐபிஎம்முடன் சேர்ந்து 2018இல் டிரேட்லென்ஸ் என்னும் பேரேட்டை அது தொடங்கியது. போட்டிக் கப்பல் நிறுவனங்கள் சிலவும் அதில் இணைந்தன. எனினும் தொழில்துறை முழுவதன் ஒத்துழைப்பும் கிட்டவில்லை எனக் கூறி, அதை மூடும் முடிவை 2022 நவம்பரில் அறிவித்தனர். கூட்டுப் பேரேட்டுக்குக் கணினியைக் காட்டிலும் கூட்டாளிகளின் உடன்பாடே முதல் மூலதனம் என்பது இதிலுள்ள பாடம்.

அடுத்து, கருவிகள். கண்டெய்னரில் பொருத்திய உணர்கருவி, வெப்பநிலையை வழியெங்கும் தானே பதிவு செய்கிறது. மீன், பழம், மருந்து அனுப்புவோருக்கு இது பெருந்துணை. ஆனால் கருவி பிழையாக அளந்தால், அப்பிழையும் அழியாத எழுத்தாகவே பேரேட்டில் ஏறிவிடும். மேலும், 2016இல் மிராய் என்னும் தீநிரல், வாங்கியபோதிருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு நடந்த தாக்குதலில், அவ்வாண்டு அக்டோபரில் பெரிய இணையதளங்கள் பல முடங்கின. நம் கடைகளில் தொங்கும் கேமராவின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுவோமாக.

இறுதியாக, கிரிப்டோ நாணயம். 2009இல் தொடங்கிய பிட்காயினுக்குப் பின்னால் கடையோ, விளைச்சலோ, வாடகையோ இல்லை. அடுத்தவர் தரும் விலையே அதன் விலை. 2021 நவம்பரில் 68,000 டாலரைத் தாண்டிய அது, ஓராண்டில் 16,000 டாலருக்குக் கீழ் சரிந்தது. பின்னர் ஏறியது உண்மையே; ஆனால் மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்புக்கோ வைத்த பணம், விலை ஏறும்வரை காத்திருக்க இயலாது. நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் இதன் இலாபத்திற்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்கவும் அவ்விதி இடந்தரவில்லை. “மாதந்தோறும் உறுதியான இலாபம்” என்று எவரேனும் அழைத்தால், அது பிளாக்செயினும் ஆகாது, வணிகமும் ஆகாது.

ஆகவே, புதியது எதுவாயினும் மூன்று கேள்விகளைக் கேட்போம். நம் தொழிலின் எந்தக் குறையை இது தீர்க்கிறது? நம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்வோரும் இதில் சேர்வார்களா? இது தோற்றால் நம் குடும்பம் தாங்குமா? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் துணிந்து இறங்குவோம், இல்லையேல் பொறுத்திருப்போம். பேரேடு எத்தனை புதிதானாலும் அதில் எழுதுவோரின் நாணயமே அதற்கு மதிப்பைத் தருகிறது.