கைவிட்ட கை



கவிஞர் அவையில் தொலைக்காட்சித் தொடருக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் பேச வந்தது ஒரு கோழையைப் பற்றி. வீரர்களைப் பாடியே பழகிவிட்ட நமக்கு அவனைப் பாடச் சொல் இருக்கிறதா என்பதே என் ஐயம்.

அமெரிக்காவில் 2011 முதல் 2018 வரை ஏழு பருவங்களாக ஒளிபரப்பான தொடர் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’. தேவதைக் கதை மாந்தர் பலரும் அதில் வருகிறார்கள். என்னை ஆட்கொண்டவன் ரம்பிள்ஸ்டில்ட்ஸ்கின். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சேற்றிய கதையில் அவன் வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தந்து, கூலியாகத் தலைப்பிள்ளையைக் கேட்கும் குள்ளன். பிறர் பிள்ளையைக் கேட்டவனைத் தன் பிள்ளையை இழந்தவனாக மாற்றியது இத்தொடர். இந்த ஒரு மாற்றத்திற்காகவே எழுதியோரைப் பாராட்டலாம்.

இங்கே அவன் ஏழை நூற்பாளன். போர்க்களத்தால் உன் பிள்ளை தந்தையற்றவன் ஆவான் என்று குறிகாரச் சிறுமி சொல்லக் கேட்டு, சம்மட்டியால் தன் காலைத் தானே முறித்துக்கொண்டு வீடு திரும்பியவன். ஊர் சிரித்தது, மனைவியும் பிரிந்தாள். பின்னர், பதினான்கு வயதில் மகனைப் போருக்குப் பிடித்துச் செல்வார்கள் என்றபோது, ஒரு குத்துவாளால் இருளோனைக் கொன்று அவனுடைய ஆற்றலையும் சாபத்தையும் ஒருசேர ஏற்றான். தசரதனுக்குச் சாபம் பிறர் வாயிலிருந்து வந்தது. இவனோ தன் கையாலேயே எடுத்துக்கொண்டான், அதுவும் மகனுக்காக.

அந்த மகன் பேல்ஃபயர், மந்திரமற்ற உலகிற்குப் போய்விடுவோம் அப்பா என்று அழைக்கிறான். நிலம் பிளந்து வழி திறக்கிறது. தந்தையின் ஒரு கையில் மகன். மறு கை மண்ணில் ஊன்றிய குத்துவாளைப் பற்றியிருக்கிறது. மகனின் கை நழுவுகிறது. நழுவியதா, விட்டானா? விட்டான் என்றே நான் சொல்வேன். மறுகணம் அதே வாளால் மண்ணைத் தோண்டி அழுகிறான் பாருங்கள், அந்த இடத்தில் நடிகர் ராபர்ட் கார்லைலின் முகத்தை நான் மறக்கவில்லை. சாவுக்கு அஞ்சி எந்தக் குறியைத் தவிர்த்தானோ, அதை உயிரோடு இருந்தே மெய்யாக்கிவிட்டான்.

பின்னாளில் பெல் என்னும் பெண்ணின் முத்தத்தால் சாபம் விலகத் தொடங்கும்போதும் அஞ்சி அவளை விரட்டுகிறான். அலமாரிப் பீங்கானையெல்லாம் நொறுக்குகிறான். அவள் கைதவறி விளிம்பு உடைத்த கோப்பையை மட்டும் வைத்துக்கொள்கிறான். நான் கவிஞனாயிருந்தால் அக்கோப்பையைப் பாடுவேன்.

நடுப்பருவங்கள் எனக்கு உவப்பில்லை. திருந்துவதும் பொய்யுரைப்பதும் மாறிமாறி வந்து சலிப்பூட்டின. சாபம் அவனுக்குச் சாக்காயிற்று.

பழங்கதையில் தன் பெயரை அரசி சொல்லிவிட்டதும் குள்ளன் சினந்து ஓடிப்போகிறான். பின்வந்த பதிப்பில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். தொடரிலோ பெயர் அந்தக் குத்துவாளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை வைத்திருப்பவருக்கு அவன் அடிமை. இறுதியில், 2018இல், மாற்றான் ஒருவன் உயிர் பிழைக்கத் தன் இதயத்தைத் தானே பிடுங்கிக் கொடுக்கிறான். அப்போது அவன் கையில் குத்துவாள் இல்லை.