சங்கங்களுக்கு நன்கொடையாகக் கிடைக்கும் மென்பொருள்கள்

(செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரை ஊராட்சிகளின் உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம் ஊர்களில் மாதர் சங்கம், மீனவர் நலச் சங்கம், இளைஞர் மன்றம் எனப் பல அமைப்புகள் பணியாற்றுகின்றன. நோட்டுப் புத்தகத்தில் இருந்த கணக்கு இன்று கணினியில் ஏறிவிட்டது. மென்பொருள் வாங்கப் பணமின்றிக் கள்ளப் பிரதியைப் பயன்படுத்தும் சங்கங்களும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி இது குற்றம். அன்றியும், அதனோடு ஒட்டிவரும் வைரஸ் உறுப்பினர்களின் சேமிப்புக் கணக்கு முழுவதையும் ஒரே நாளில் அழித்துவிடக்கூடும். நேர்வழி இருக்கையில் இந்த ஆபத்து எதற்கு?

அவ்வழி யாது? இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்குப் பெரிய நிறுவனங்கள் மென்பொருளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ அளிக்கின்றன. 1987இல் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய டெக்சூப் என்னும் அமைப்பு இடைநின்று இவற்றைப் பெற்றுத் தருகிறது. கூகுள், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களிடம் நேரிலும் விண்ணப்பிக்கலாம்.

இதற்கு முதற்படி ஆவணங்களே. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற சான்று, வருமான வரித் துறையின் அறநிறுவனப் பதிவு ஆகியவற்றைச் சீராக வைத்திருங்கள். ஊராட்சி அரசமைப்பாதலால் இச்சலுகைக்கு உரியதன்று. அதன் கணக்குக்கு 2020 முதல் இ-கிராம சுவராஜ் இருக்கிறது. இலாபத்தைப் பங்கிடும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியும் இதில் சேராது.

நன்கொடை என்றும் நிலைக்கும் என்று எண்ணவேண்டா. பத்துப் பேர் வரை இலவசமாகப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த ஒரு தொகுப்பு, 2025 ஜூலை முதல் புதுப்பிக்கும் காலத்தில் நிறுத்தப்பட்டது. எளிய தொகுப்பு மட்டுமே இலவசமாக நீடித்தது. ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நாளையும் அதன் நிபந்தனையையும் கூட்டத்தில் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். கணக்கின் நகலொன்றைத் தனியே வைத்திருங்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் செயலாளருடைய சொந்தச் சொத்தாக இருத்தலாகாது. செயலாளர் மாறினால் சங்கம் கதவுக்கு வெளியே நிற்க நேரும்.

எவருக்கும் விண்ணப்பிக்காமல் பெறக்கூடியவையும் உண்டு. கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ், கணினியை இயக்கச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகியவை யாவர்க்கும் இலவசம். சிறிய சங்கமும் உழவர் கம்பெனியும் இவற்றிலிருந்தே தொடங்கலாம்.

சங்கப் பணம் உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதைச் செலவிடுமுன் இலவசமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்ததை ஒழுங்காகக் காத்துக்கொள்ளுங்கள்.