வாசலில் கிடந்தவரின் பெயர்



"ஒழுங்கா படி. இல்லாட்டி மாடு மேய்க்கத்தான் போவே." இந்தச் சொற்களைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. சிறுவயதில் நாம் கேட்டோம். இன்று நம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசையில்தான் சொல்கிறோம். ஆனால், அந்தப் பிள்ளை இதிலிருந்து கற்றுக்கொள்வது என்ன? மாடு மேய்ப்பவர் மதிப்பில்லாதவர். அவர் ஏழையாக இருப்பதற்கு அவரே காரணம். அவரைப்போல் ஆகிவிடுவதுதான் வாழ்வில் மிகப்பெரிய அவமானம். இவை எல்லாவற்றையும் நாமே, நம் வாயால், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து விடுகிறோம்.

பொதுக்காலம் 26ஆம் ஞாயிறாகிய இன்று, லூக்கா நற்செய்தி 16ஆம் பிரிவிலிருந்து, செல்வரும் இலாசரும் என்ற உவமையைக் கேட்கிறோம். இந்தச் செல்வர் இலாசரை அடிக்கவில்லை, விரட்டவில்லை. அவரிடமிருந்து எதையும் பறித்ததாகவும் இயேசு சொல்லவில்லை. நாள்தோறும் விருந்து உண்டார். வாசலில் புண்களோடு கிடந்தவரைக் கடந்து போனார், வந்தார். அவ்வளவுதான்.

இறந்தபின் நிகழும் உரையாடலில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. வேதனையில் இருக்கும் செல்வர், ஆபிரகாமிடம் இலாசரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அப்படியானால், வாசலில் கிடந்தவரின் பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்தது! அங்கும்கூட, தமக்குத் தண்ணீர் கொண்டுவர இலாசரை அனுப்புங்கள், தம் சகோதரரை எச்சரிக்க இலாசரை அனுப்புங்கள் என்றே கேட்கிறார். இலாசரிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண்ணுக்கு இலாசர் இன்னும் ஏவலுக்குரிய ஆள்தான்.

அவருக்கு இருந்த சகோதரர் ஐந்து பேர். அவர்களும் தம்மைப்போலவே வாழ்வதால்தானே அவர் அஞ்சுகிறார்? ஏழையை இப்படிப் பார்க்க ஆறு பேரும் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று உவமை சொல்லவில்லை. ஆனால், பெற்றோராகிய நாம் இந்தக் கேள்வியை எளிதில் தாண்டிப்போக முடியாது.

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், 1923ஆம் ஆண்டு, வசதியும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர் லொரென்சோ மிலானி. இளைஞராக ஓவியம் பயின்றார். அது இரண்டாம் உலகப்போர்க் காலம். ஏழைகள் வாழ்ந்த ஒரு சந்தில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவர், பசித்தபோது வெள்ளை ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டாராம். அதைப் பார்த்த ஒரு பெண், ஏழைகளின் தெருவுக்கு வந்து வெள்ளை ரொட்டி தின்னலாமா என்று கடிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. தான் உண்பது அடுத்தவருக்குக் கிடைக்காத ஒன்று என்பதை அந்தத் தெரு அவருக்கு உணர்த்தியது.

பின்னாளில் அவர் குருவானார். 1954ஆம் ஆண்டு, சாலையும் மின்சாரமும் இல்லாத பார்பியானா என்ற மலைச் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தவர்கள் ஏழை உழவர்கள். அவர்களின் பிள்ளைகள் ஆடுமாடு மேய்த்தவர்கள். பள்ளிகள் 'தேறாதவர்கள்' என்று ஒதுக்கிய பிள்ளைகளை அவர் சேர்த்துக்கொண்டு, நாள் முழுவதும் பாடம் சொல்லிக்கொடுத்தார். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். 'எனக்கு அக்கறை உண்டு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அந்தப் பள்ளியின் சுவரில் எழுதப்பட்டிருந்தன. 1967ஆம் ஆண்டு, அந்த மாணவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை எழுதினார்கள். ஏழைப் பிள்ளைகளே பள்ளியில் பெருமளவு தோல்வியடைவது ஏன் என்று அதில் கணக்குகளோடு கேட்டார்கள். இத்தாலி நாடே அதைப் படித்தது. 2017ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, திருத்தந்தை பிரான்சிஸ் அந்தச் சிற்றூருக்குச் சென்று, அருள்பணியாளர் மிலானியின் கல்லறையில் செபித்தார்.

படிக்காததால் மாடு மேய்த்தவர்கள் அல்ல அந்தப் பிள்ளைகள். மாடு மேய்க்க வேண்டியிருந்ததால் படிக்க முடியாமல் போனவர்கள். இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமா?

அன்பர்களே, பிள்ளைகள் நம் அறிவுரைகளைவிட நம் கைகளை அதிகம் கவனிக்கிறார்கள். வீட்டுவேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தால், ஞாயிறு மறைக்கல்வியில் கற்ற சமத்துவப் பாடத்தை அந்த டம்ளர் அழித்துவிடும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வின்சென்ட் தே பவுல் சபையினர் துணி கேட்டு வரும்போது, கிழிந்ததையும் சாயம் போனதையும் எடுத்துக் கொடுத்தால், ஏழைக்கு இது போதும் என்று பிள்ளை புரிந்துகொள்கிறது. இம்முறை, தான் விரும்பி உடுத்தும் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்து கொடுக்கட்டுமே! தெருவைக் கூட்ட வருபவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயருக்கு வணக்கம் சேர்த்துச் சொல்லப் பழகட்டுமே!

நேயர்களில் பலர், "நாங்களே கஷ்டப்படுகிறோம், பிள்ளைக்கு என்ன சொல்வது?" என்று கேட்கலாம். பள்ளித் தோழனிடம் இருப்பதைக் காட்டி, "நமக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று பிள்ளை கேட்கும்போது பெற்ற மனம் வலிக்கத்தான் செய்கிறது. அந்த வலிக்கு அஞ்சியே, புதுநன்மை விழாவுக்குக்கூட வட்டிக்குக் கடன் வாங்கிப் பந்தல் போடுகிறோம். குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுசென்ற மரியாவும் யோசேப்பும் செலுத்தியது, ஆட்டுக்குட்டி வாங்க இயலாதவர்களுக்கென்று லேவியர் நூல் குறித்த பறவைக் காணிக்கை. எல்லாரும் பார்க்க, தங்கள் இயலாமையை மறைக்காமல் அவர்கள் அதைச் செலுத்தினார்கள். "இந்த மாதம் நம்மிடம் இவ்வளவுதான் இருக்கிறது, அதில் இது அரிசிக்கு, இது உன் படிப்புக்கு" என்று பிள்ளையை அருகில் அமர்த்திச் சொல்வதில் வெட்கம் ஏதுமில்லை. குடும்பத்தின் பாரத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அந்தப் பிள்ளை உணரும்.

அதே நேரம், வறுமை நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். இலாசர் பசியோடு கிடந்ததை ஆண்டவர் புகழவில்லை. பசி தீர்க்கப்பட வேண்டியது. அதைத் தீர்க்கும் கடமை நமக்கும் உண்டு. ஆகவே, "அவர்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்?" என்று பிள்ளை கேட்டால், "சும்மா இரு" என்று வாயை அடைக்காமல், அந்தக் கேள்வியோடு அவர்களை வளரவிடுவோம்.

செல்வருக்குக் காலம் கடந்துவிட்டது. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இலாசர் இன்னும் வாசலில்தான் இருக்கிறார். நம் பிள்ளைகளும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவரை நாம் எப்படிப் பார்க்கிறோமோ, அப்படியே அவர்களும் பார்ப்பார்கள். நம் வீட்டு வாசலைக் கடக்கும் ஒவ்வொருவரையும் மாண்புள்ள மனிதராகக் காணும் கண்களை நமக்கும், நம் பிள்ளைகளுக்கும் தந்தருளுமாறு இறைவனை மன்றாடுவோம். ஆமென்.